தூங்கத் தெரிந்த பூச்சி

ராஜகீழ்ப்பாக்கத்தில் பஷீராவின் தெருவுக்கு ஒரே ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் காலையிலேயே தண்ணீர் வரும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வரும். இன்னொரு நாள், எல்லோரும் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பார்த்து வரும். வந்தாலும் கொஞ்ச நேரம்தான். பிறகு "கர்ர்" என்று இருமிவிட்டு நின்றுவிடும்.

அதனால் அந்தக் குழாயை யாரும் மூடுவதே இல்லை. திறந்தே வைத்து, அடியில் ஒரு குடத்தை வைத்துவிடுவார்கள். அதன் பின்னால் மற்ற வீட்டுக் குடங்கள் வரிசையாக நிற்கும். பச்சை, சிவப்பு, ஊதா என்று எல்லாம் பிளாஸ்டிக் குடங்கள். காற்றில் உருண்டு போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல். முதல் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் யார் காதில் முதலில் விழுகிறதோ, அவர் கத்துவார்.

"தண்ணி வந்துடுச்சு!"

உடனே தெருவே ஓடிவரும்.

குழாய்க்கு எதிர்வீட்டில் இருந்த செல்லம்மா பெரியம்மாதான் அந்த வரிசைக்கு நீதிபதி. காலையில் ஒரு முக்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தால், குழாய் நிற்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அவர் வைத்ததுதான் சட்டம்.

"கொடத்த வெச்சுட்டா மட்டும் ஆச்சா? ஆள் வரணும். ஆள் வராத கொடம் கடைசிக்குப் போய்டும். இன்னா, புரிஞ்சுதா?"

சட்டம் நியாயமானதுதான். முன்பெல்லாம் சிலர் குடங்களை அடுக்கிவிட்டு சினிமாவுக்குப் போய்விடுவார்கள். மற்றவர்கள் காலி வாளியோடு காத்துக்கிடப்பார்கள். அதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனால் பாவம், சினிமாவுக்கே போகாத மேரிக்காவைத்தான் அது ரொம்பப் படுத்தியது.

மேரிக்காவின் முழுப்பெயர் அருள்மேரி. பஷீராவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தனியாகக் குடியிருந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு முழுக்க வேலை. ஊரே எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் அவர் வீட்டுக்கு வருவார். பகலில்தான் தூங்க வேண்டும். ஆனால் தண்ணீரும் பகலில்தானே வருகிறது?

பஷீராவுக்கு மேரிக்காவை ரொம்பப் பிடிக்கும். அவர் கதைப் புத்தகம் படித்தால் புலிக்கு ஒரு குரல் வரும், முயலுக்கு ஒரு குரல் வரும். முதலைக்கு மட்டும் செல்லம்மா பெரியம்மாவின் குரல் வரும். அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அந்த மே மாதம் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடம் லீவு. ஒரு நாள் காலையில் பஷீரா மேரிக்காவின் அறைக்குப் போனபோது அவர் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். இன்னொரு வாய் குடித்தார். மறுபடியும் சுளித்தார்.

"என்ன மேரிக்கா?"

"சக்கரைன்னு நினைச்சு உப்பைப் போட்டுட்டேன் போல."

"அப்புறம் ஏன் குடிக்கறீங்க?"

"அதை யோசிக்கறதுக்குக்கூட தூக்கம் விடல, கண்ணு."

பஷீரா சிரித்தாள். மேரிக்கா சிரிக்கவில்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து ராத்திரி வார்டுல ஒரு பாட்டிக்கு வேற பேஷன்ட்டோட மாத்திரையைக் கொடுக்கப் போயிட்டேன். வாய்கிட்ட கொண்டுபோனதும் அந்தப் பாட்டியே, 'எனக்கு வெள்ளை மாத்திரைதானேம்மா'ன்னு கேட்டாங்க. கேக்காம விட்டிருந்தா?" மேரிக்கா தம்ளரைக் கீழே வைத்தார். "இப்படியே தூங்காம போனா ஒரு நாள் யாருக்காவது என்னால கெடுதல் வந்துடும். இந்த மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணிடறேன். ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல இடம் கேட்டிருக்கேன். அங்க தண்ணிக்குக் காத்திருக்க வேணாம்."

மேரிக்கா இல்லாமல் அந்தப் பின்கட்டு எப்படி இருக்கும்? யார் முதலைக் குரலில் பேசுவார்கள்?

"போகாதீங்க மேரிக்கா! நீங்க தூங்குங்க. தண்ணி வந்தா நான் வந்து எழுப்பறேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா!"

அன்றைக்கே பஷீரா வேலையை ஆரம்பித்துவிட்டாள். பல்லாங்குழி ஆடுவாள், பாதியில் எழுந்து தெருவுக்கு ஓடுவாள்.

"பெரியம்மா, தண்ணி வந்துச்சா?"

"இல்ல."

திரும்பி வருவாள். நான்கு சோழி போடுவாள். மறுபடியும் ஓடுவாள்.

"பெரியம்மா, தண்ணி வந்துச்சா?"

"வந்தா எனக்குத் தெரியாதா? இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ற?"

ஒரு தடவை குழாய் "புஸ்ஸ்" என்றது. பஷீரா தலைதெறிக்க ஓடி மேரிக்காவை எழுப்பினாள். அவர் தூக்கக் கலக்கத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வெறும் காற்று! இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை உண்மையிலேயே தண்ணீர் வந்தது. அப்போது பஷீரா எங்கே இருந்தாள் தெரியுமா? அம்மா சொன்னாள் என்று கடையில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது மேரிக்காவின் ஊதாக் குடம் வரிசையின் கடைசியில் காலியாக நின்றது. குழாய் இருமி முடித்திருந்தது.

"நான் இன்னா பண்றது?" என்றார் செல்லம்மா பெரியம்மா. அவர் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

மேரிக்கா பஷீராவைத் திட்டவே இல்லை. தலையைத் தடவி, "ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்துட்டா நீயும் இருக்கமாட்டேல்ல கண்ணு?" என்றார். அதுதான் பஷீராவுக்கு இன்னும் வலித்தது.

பஷீரா நேராகத் தன் அக்கா ஷரீஃபாவிடம் போனாள். ஷரீஃபா தாம்பரத்தில் பாலிடெக்னிக் படித்தாள். இறுதி ஆண்டு. அவள் செய்த ப்ராஜெக்ட் ஒரு சின்னப் பெட்டி. மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் அது "பீப் பீப்" என்று கத்தும். பரீட்சையில் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் வீட்டில் அதற்கு வேலையில்லை. மாடியும் கிடையாது, தொட்டியும் கிடையாது. பெட்டி அலமாரிமேல் தூசி படிந்து கிடந்தது.

"அக்கா, தொட்டியில தண்ணி வந்தா கத்தும்ல? குழாயில வந்தா கத்தாதா?"

ஷரீஃபா நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணிக்கு தொட்டி எது, குழாய் எதுன்னா தெரியும்? கத்தும்."

அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் உள்ளே கறுப்பாக, பக்கத்துக்கு ஒன்பது கால்களோடு ஒன்று இருந்தது.

"ஐயோ, பூச்சி!"

"பூச்சி இல்லடி. சிப். இதுதான் இந்தப் பெட்டிக்கு மூளை. நான் எழுதிக் கொடுக்கறதை அப்படியே செய்யும். பிடிக்கலன்னா அழிச்சுட்டு வேற எழுதலாம்."

பஷீராவுக்கு அது பூச்சியாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அதன் பெயர் பூச்சி.

ஃபிலிம் ரோல் வரும் குட்டி டப்பா ஒன்றைக் குழாயின் வாய்க்குக் கீழே கட்டினார்கள். அதற்குள் இரண்டு கம்பி முனைகள். அங்கிருந்து ஒயர் மதில் ஓரமாகப் போய் மேரிக்காவின் ஜன்னலில் இருந்த பெட்டியில் முடிந்தது. குழாயில் வரும் தண்ணீர் டப்பாவை நிரப்பி வழிந்து, கீழே குடத்தில் விழும்.

செல்லம்மா பெரியம்மா முக்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"இன்னா பண்றீங்கடி? தொட்டா ஷாக் அடிக்குமா?"

"இது வீட்டு கரண்ட் இல்ல பெரியம்மா. ரேடியோவுக்குப் போடற பென்சில் செல்தான். நாக்குல வெச்சாகூட ஒண்ணும் ஆகாது."

"நான் இன்னாத்துக்கு நாக்குல வெக்கறேன்?" என்றார் பெரியம்மா.

முதல் இரண்டு நாளும் குழாய் நல்ல பிள்ளையாக இருந்தது. காற்று வரவில்லை, நேராகத் தண்ணீரே வந்தது. பெட்டியும் "பீப் பீப்" என்று கத்தியது. மேரிக்கா எழுந்து வந்து குடத்தை நிரப்பினார். பஷீரா தெருவில் தரையில் கால் படாமல் நடந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. பெட்டி கத்தவில்லை. அதன் சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. மேரிக்கா தூங்கிக்கொண்டே இருந்தார், ஊதாக் குடம் கடைசிக்குப் போனது.

"செல் தீர்ந்துபோச்சு," என்றாள் ஷரீஃபா. "அத்தா ரேடியோவுல இருந்து எடுத்த பழைய செல்தானே? சீக்கிரம் தீரும்னு எனக்கே தெரிஞ்சிருக்கணும். இந்த விளக்கு எந்நேரமும் எரியுது. சிப்பும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கறதில்ல."

"அது என்ன பண்ணுது?"

"கேட்டுக்கிட்டே இருக்கும். 'தண்ணி வந்துச்சா? இல்ல. தண்ணி வந்துச்சா? இல்ல.' கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எத்தனையோ தடவை கேட்டுடும்."

"அச்சச்சோ! நான் பெரியம்மாகிட்ட கேட்ட மாதிரி!"

"அதேதான். உனக்குக் கால் வலிச்சுது. அதுக்கு செல் தீர்ந்துடுச்சு."

பஷீரா பூச்சியைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது. மேரிக்கா தூங்க வேண்டும் என்பதற்காக இது பகலெல்லாம், இரவெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறது!

"அக்கா, அதுக்குத் தூங்கவே தெரியாதா?"

ஷரீஃபா தலையில் தட்டிக்கொண்டாள்.

"தெரியும்டி! ஸ்லீப்னு ஒரு உத்தரவு இருக்கு. அதை எழுதினா தூங்கிடும். விளக்கும் அணைஞ்சிரும், செல்லும் அப்படியே இருக்கும். பரீட்சையில கொஞ்ச நேரம் காட்டினா போதும்னு நான்தான் அதை எழுதல."

"ஆனா அது தூங்கிட்டா தண்ணி வர்றது எப்படித் தெரியும்?"

"அதோட கால்ல ஒண்ணு அதுக்குன்னே இருக்கு. எவ்வளவு தூக்கத்துல இருந்தாலும் அந்தக் காலைத் தொட்டா முழிச்சுக்கும். இன்டரப்ட்னு பேரு. கம்பியை அந்தக் காலோட சேர்த்துட்டா, தண்ணி பட்டதும் எழுந்துடும்."

"எனக்கும் அப்படித்தான். உள்ளங்கால்ல தொட்டா முழிச்சுக்குவேன்," என்றாள் பஷீரா. பூச்சியை அவளுக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போனது.

பூச்சிக்குள் எழுத கம்ப்யூட்டர் வேண்டும். அது பாலிடெக்னிக் லேபில்தான் இருந்தது. மறுநாள் ஷரீஃபா பூச்சியை ஒரு தீப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்தாள்.

"எழுதியாச்சு. லேப்ல தனசிங் சார்தான் ஹெல்ப் பண்ணார். ஆனா அவர் சனிக்கிழமை ஊருக்குப் போறார். அன்னைக்கு மதியம் லேபைப் பூட்டினா ஜூன்லதான் திறப்பாங்க."

புது செல் போட்டார்கள். சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. பூச்சி தூங்கிவிட்டது. பஷீரா பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டாள். குறட்டைகூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல பிள்ளையாக இருந்த குழாய் தன் பழைய குணத்தைக் காட்டிவிட்டது.

"புஸ்ஸ்... கர்ர்... தொப்!"

காற்றோடு கொஞ்சம் தண்ணீரைத் துப்பியது. கம்பி நனைந்தது. பூச்சி விழித்தது. "பீப் பீப்!" மேரிக்கா ஓடி வந்தார். தண்ணீர் இல்லை. பஷீரா டப்பாவில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும் கட்டினாள். மேரிக்கா போய்ப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "தொப்!" மறுபடியும் "பீப் பீப்!" அன்று மதியம் முழுக்க இதே கதைதான்.

"இதுக்கு அந்தப் பொண்ணு முழிச்சுகினே இருந்திருக்கலாம்," என்றார் செல்லம்மா பெரியம்மா.

சாயங்காலம் பஷீரா மேரிக்காவின் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு மேலே பரணில் இருந்த தகரப் பெட்டி கீழே இறங்கியிருந்தது. மேரிக்கா அதில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். பஷீராவுக்கு அழுகை வந்துவிட்டது.

"எல்லாம் என்னாலதான். பூச்சியைத் தூங்க வெச்சு, உங்களைத் தூங்க விடாம பண்ணிட்டேன்."

"அழாத கண்ணு. எனக்காக யாரு இவ்வளவு செய்வாங்க?" மேரிக்கா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். "அந்தப் பூச்சி மேல எனக்குக் கோபமே இல்ல. வேலைக்குப் புதுசு. நானும் புதுசுல அப்படித்தான் இருந்தேன்."

"நீங்களா?"

"ஆமா. வார்டுல பேஷன்ட் பக்கத்துல ஒரு மணி இருக்கும். அது அடிச்சா போதும், உடனே ஓடிப்போய் டாக்டரை எழுப்பிடுவேன். பார்த்தா, பேஷன்ட் புரண்டு படுக்கும்போது கை பட்டு அடிச்சிருக்கும். டாக்டர் கண்ணைக் கசக்கிட்டு என்னை முறைப்பார். இப்பல்லாம் அப்படிப் பண்ணமாட்டேன். மணி அடிச்சா முதல்ல நான் போய்ப் பக்கத்துல நிப்பேன். கொஞ்ச நேரம் பார்ப்பேன். நிஜமாவே முடியலன்னாதான் டாக்டரை எழுப்புவேன். பாவம், அவங்களும் தூங்க வேணாமா?"

பஷீரா கண்ணைத் துடைத்தாள். பிறகு சட்டென்று எழுந்து நின்றாள்.

"மேரிக்கா! பூச்சிதான் நர்ஸ்! நீங்க டாக்டர்!"

"என்னது?"

பதில் சொல்ல அவளுக்கு ஏது நேரம்? அவள் அக்காவிடம் ஓடிவிட்டாள்.

"அக்கா! பூச்சி முழிச்சதும் கத்தக்கூடாது. முதல்ல கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும். அப்புறம் இன்னொரு தடவை பார்க்கணும். அப்பவும் தண்ணி இருந்தா கத்தணும். இல்லன்னா மறுபடியும் தூங்கிடணும். இப்படி எழுத முடியுமா?"

"முடியுமே!" ஷரீஃபாவின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. குழாய் துப்பின தண்ணி டப்பாவுலயேதானே கிடக்கும்? எத்தனை தடவை பார்த்தாலும் தண்ணி இருக்குன்னுதான் அது நினைக்கும்."

பஷீரா யோசித்தாள். முகம் கழுவினால் நன்றாக யோசனை வரும் என்று குளியலறைக்குப் போனாள். மக்கில் தண்ணீர் எடுத்தாள். முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் பாதி ஒழுகிவிட்டது. அம்மா தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்தும் ஓட்டை மக் அது.

பஷீரா அந்த மக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அடுப்படிக்கு ஓடினாள்.

"அம்மா, ஒரு ஊசி கொடு. சூடு பண்ணணும்."

"எதுக்குடி?"

"ஓட்டை போட."

"இருக்கற ஓட்டை போதாதா இந்த வீட்டுல?" என்றாள் அம்மா. ஆனால் ஊசியை இடுக்கியில் பிடித்து, சூடாக்கி, ஃபிலிம் டப்பாவின் அடியில் ஓட்டையும் போட்டுக் கொடுத்தாள்.

ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். மெல்ல ஒழுகி, டப்பா காலியானது. பிறகு குடத்தைச் சாய்த்து, நிறுத்தாமல் ஊற்றினார்கள். ஓட்டை வழியாக ஒழுகினாலும் டப்பா நிரம்பியே நின்றது.

"துப்பினா தங்காது. நிஜமா வந்தா தங்கும்!" ஷரீஃபா தங்கையைக் கட்டிக்கொண்டாள். "இது எனக்குத் தோணவே இல்லையே!"

சனிக்கிழமை காலை இரண்டு பேரும் தாம்பரத்துக்குக் கிளம்பினார்கள். கேம்ப் ரோடு முனையில் பஸ் நகரவே இல்லை. லாரிக்குப் பின்னால் லாரி. பஷீரா மடியில் தீப்பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தனசிங் சார் சாவிக்கொத்தோடு லேப் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் பை.

"பூட்டிட்டேனேம்மா. சாயங்காலம் ரயில். ஜூன்ல வாங்க."

"ஜூன்ல மேரிக்கா இருக்கமாட்டாங்க சார்!" என்றாள் பஷீரா.

"யாரும்மா அது?"

பஷீரா மூச்சு விடாமல் சொன்னாள். உப்புத் தேநீர், வெள்ளை மாத்திரை, ஊதாக் குடம், தகரப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் ஓட்டையையும் சொன்னாள்.

தனசிங் சார் பையைக் கீழே வைத்தார். மறுபடியும் பூட்டைத் திறந்தார்.

"எங்க வீட்டம்மாவும் நைட் டியூட்டிதான்," என்று மட்டும் சொன்னார்.

ஷரீஃபா கம்ப்யூட்டரில் எழுதினாள். பூச்சியை ஒரு பலகையில் செருகினாள். பழையது அழிந்து புதியது ஏறியது. பஷீரா அதன் முதுகை ஒரு விரலால் தடவிக் கொடுத்தாள்.

"இப்ப நீ நர்ஸ். நல்லா பார்த்துக்க."

மதியம் வீட்டுக்கு வந்து பூச்சியைப் பெட்டியில் பொருத்தினார்கள். ஓட்டை டப்பாவைக் குழாயில் கட்டினார்கள். மேரிக்கா அரைமனதோடு போய்ப் படுத்தார். பஷீரா அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா பெரியம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

தெருவில் குழாய் இருமியது. "புஸ்ஸ்... கர்ர்... தொப்!"

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பஷீரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. பிறகு அணைந்துவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை. உள்ளே மேரிக்கா புரண்டுகூடப் படுக்கவில்லை.

"அய்ய! கண்ண தொறந்து பாத்துட்டு மறுபடியும் தூங்குது பாரு! எங்க வூட்டுக்காரர் மாதிரி," என்று கிசுகிசுத்தார் பெரியம்மா. பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஏம்மா பஷீரா, இந்த மணி தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துமா?"

"ஏன் பெரியம்மா?"

"நானும் மத்யானத்துல படுத்து எத்தினியோ வருசம் ஆவுது. கண்ண மூடுனா எவனாவது கொடத்த முன்னால தள்ளிடுவான். ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு வுட்டுப்போச்சு."

பஷீரா அவரை வியப்பாகப் பார்த்தாள். காவல் காக்கும் பெரியம்மாவுக்கும் தூக்கம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. முதலைக் குரலுக்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க போய்ப் படுங்க பெரியம்மா. கேக்கும்."

பெரியம்மா போனார். முக்காலி காலியானது. வெயிலில் குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன.

பஷீரா வீட்டுக்குள் வந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். தெருவுக்குப் போய்க் குழாயைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். ஜன்னலுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"அக்கா, தண்ணி வந்துச்சா?"

"அது பார்த்துக்கும்டி," என்றாள் ஷரீஃபா, கண்ணைத் திறக்காமலே. "நீயும் கொஞ்சம் தூங்கு."

பஷீரா பாயில் படுத்தாள். சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து அலைந்த களைப்பு. மின்விசிறி மெல்லச் சுற்றியது.

யாரோ அவள் உள்ளங்காலைத் தொட்டார்கள்.

பஷீரா துள்ளி எழுந்தாள். எதிரே மேரிக்கா நின்றிருந்தார்! கலைந்த தலை. கன்னத்தில் தலையணைத் தடம். கண்களில் அந்தச் சிவப்பு இல்லை. பின்கட்டிலிருந்து "பீப் பீப் பீப்" என்று பூச்சி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"எழுந்திரு கண்ணு, தண்ணி வந்துடுச்சு!" மேரிக்கா வாய்விட்டுச் சிரித்தார். "அப்பாடா, என்ன தூக்கம்! நான் எங்கேயும் போகல. தண்ணி பிடிச்சதும் வந்து ஒரு கை பிடி, அந்தத் தகரப் பெட்டியை மறுபடியும் மேல ஏத்தணும்."

இரண்டு பேரும் தெருவுக்கு ஓடினார்கள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஆனால் செல்லம்மா பெரியம்மா மட்டும் வரவில்லை. எதிர்வீட்டு நடையில் தலைக்குக் கையை வைத்து, வாயைத் திறந்தபடி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற அவருடைய பச்சைக் குடத்துக்கு ஆள் இல்லை.

"ஆள் வராத குடம் கடைசிக்குப் போகணுமே?" என்றார் மேரிக்கா, முதலைக் குரலில்.

பஷீரா சிரித்துக்கொண்டே ஓடிப்போய், பெரியம்மாவின் உள்ளங்காலை மெல்லத் தொட்டாள்.